காலை ஆறு மணிக்குக் காய்ச்சல், பத்து மணிக்கு வகுப்பு

தெர்மாமீட்டர் 38.6 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. மணி ஆறு. பத்து மணிக்கு எண்பது மாணவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ வேலை பார்க்கும் பெற்றோர் இந்த நேரத்தில் ஐந்தாறு வழிகளை மனசுக்குள் புரட்டிப் பார்ப்பார்கள். வகுப்பை ரத்து செய்வதா, வீட்டிலிருந்தே ஆன்லைனில் எடுப்பதா, சக ஆசிரியரைக் கேட்பதா, கணவனும் மனைவியும் நாளைப் பாதியாகப் பிரித்துக்கொள்வதா, பாட்டியை வரச் சொல்வதா? எல்லோருக்கும் எல்லா நாளுக்கும் பொருந்துகிற விடை இதில் கிடையாது. குழந்தைக்கு என்ன வயது, என்ன நோய், இன்று எத்தனையாவது நாள், இன்றைக்கு இருக்கிற வேலை நகர்த்தக்கூடியதா என்ற நான்கும் தெரிந்தால் விடை ஓரளவு தானாகவே வந்துவிடும்.

அதற்கு முன் ஒன்று. வகுப்பு தவறக் கூடாது என்பதை மட்டுமே அளவுகோலாக வைத்துப் பலரும் முடிவெடுக்கிறார்கள். வகுப்பு நடக்கவில்லை என்றால் மாணவர் கேட்பார், துறைத்தலைவர் கேட்பார். அதனால் அது எப்படியாவது நடந்துவிடும். யாரும் கேட்காத வேலை ஆய்வு. பாதியில் நிற்கும் கட்டுரை, அலசப்படாத தரவு, படிக்காமல் கிடக்கும் ஆய்வு மாணவரின் அத்தியாயம் ஆகியவற்றைத்தான் ஒவ்வொரு காய்ச்சலும் தின்கிறது. கீழே வழிகளை ஒப்பிடும்போது "எது வகுப்பைக் காப்பாற்றும்" என்பதோடு "எது ஆய்வு நேரத்தைக் குறைவாகத் தின்னும்" என்பதையும் சேர்த்தே பார்க்கிறோம்.

நோயின் நாள் கணக்கு

"ஒன்றரை நாள் காய்ச்சல்தானே" என்றால் ஒன்றரை வேலை நாள்தான் போகும் என்பது தப்புக் கணக்கு. பெரும்பாலான குழந்தைகள் காப்பகங்கள், காய்ச்சல் மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் உடம்பு சுடாமல் இருந்தால்தான் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். திங்கள் காலை தொடங்கிய காய்ச்சல் செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் முடிவது புதன் மாலை. குழந்தை காப்பகத்துக்குப் போவது வியாழன் காலை. ஆக மூன்று வேலை நாள்.

வாந்தி பேதிக்கு இது இன்னும் நீளும். கடைசி வாந்தி அல்லது கடைசிப் பேதியிலிருந்து 48 மணி நேரம் கழிய வேண்டும். சின்னம்மை என்றால் கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை காத்திருக்க வேண்டும். முதல் கொப்புளம் தெரிந்ததிலிருந்து இதற்கு ஏறக்குறைய 5 நாள் ஆகும், சிலருக்கு ஒரு வாரம். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று என்று மருத்துவர் சொன்னால் கணக்கு எளிது. ஆன்டிபயாடிக் தொடங்கி ஒரு நாள் கழிந்து காய்ச்சலும் விட்டிருந்தால் அனுப்பலாம். வெறும் சளி 7 முதல் 10 நாள் இருக்கும், இருமல் மூன்று வாரம்வரை இழுக்கும். காய்ச்சல் இல்லாமல் விளையாடுகிற குழந்தையை இதற்காக வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சின்னக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. காப்பகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் அது பத்தைத் தாண்டினாலும் வியப்பில்லை. அவற்றில் ஐந்து காய்ச்சலோடு வந்து ஒவ்வொன்றும் மூன்று வேலை நாளை எடுத்துக்கொண்டால் மொத்தம் பதினைந்து நாள். ஆக, ஒரு கல்விப் பருவத்துக்கு (செமஸ்டர்) ஏழெட்டு நாள் போகும் என்று முதல் வாரத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அதை எதிர்பாராத விபத்தாக நினைப்பதால்தான் ஒவ்வொரு முறையும் அதே பதற்றம் வருகிறது.

வீட்டில் இரண்டு குழந்தைகள் என்றால் நோய் அலை அலையாக வரும். வாந்தி பேதியைத் தரும் நோரோ வைரஸ் 12 முதல் 48 மணி நேரத்தில் அடுத்தவரைப் பிடிக்கும். மூத்தவன் தேறி எழும்போது இளையவள் படுப்பாள், அதற்கடுத்த நாள் பெற்றோரில் ஒருவர். சின்னம்மை பொறுமையாக வரும். தொற்றியதிலிருந்து 10 முதல் 21 நாளுக்குள், பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்து வெளியே தெரியும். முதல் குழந்தைக்குக் கொப்புளம் தெரிந்த அன்றே, தடுப்பூசி போடாத இரண்டாவது குழந்தைக்காக நாட்காட்டியில் அந்த வாரங்களைக் குறித்துவிடலாம். அந்த நாட்களில் வாய்மொழித் தேர்வு, மாநாடு எதையும் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஒரு குறுக்கு வழி எல்லோருக்கும் தோன்றும். காலை ஏழு மணிக்குப் பாராசிட்டமால் கொடுத்துக் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்துவிடுவது. அந்த மருந்து வேலை செய்வது நாலிலிருந்து ஆறு மணி நேரம். பதினொன்றரைக்கு மறுபடி உடம்பு சுடும், காப்பகத்திலிருந்து ஃபோன் வரும், நீங்கள் அப்போது வகுப்பின் நடுவில் நிற்பீர்கள். பாதியில் விட்ட வகுப்பு, கோபத்தில் இருக்கும் காப்பகம், நோயைப் பெற்றுக்கொண்ட இன்னும் நாலு குழந்தைகள். எந்த வழியோடு ஒப்பிட்டாலும் இதுதான் கடைசி இடம்.

வேலையைப் பிரித்துப் பார்த்தல்

கல்விப் பணியில் மூன்று வகை வேலை இருக்கிறது. முதலாவது, கடிகாரத்தோடு கட்டிப்போட்ட வேலை: வகுப்பு, தேர்வறைக் கண்காணிப்பு, வாய்மொழித் தேர்வு, நேர்காணல் குழு. ஆய்வகத்தில் என்றால், வளர்ப்புச் செல்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊடகம், அதாவது அவை வளரும் சத்துக் கரைசல், மாற்றுவது. தொலைநோக்கி நேரமோ சின்க்ரோட்ரான் என்ற பெரிய எக்ஸ்-கதிர்க் கருவியில் கற்றை நேரமோ ஒதுக்கப்பட்டிருந்தால் அதை நகர்த்தவே முடியாது. இரண்டாவது, தேதியோடு கட்டிய வேலை: விடைத்தாள் திருத்துவது, ஆய்வு நிதி விண்ணப்பம், இதழ் கேட்ட திருத்தங்கள், பிறர் கட்டுரையை மதிப்பிடுவது. மூன்றாவது, எதனோடும் கட்டாத வேலை: படிப்பது, யோசிப்பது, எழுதுவது.

இரண்டாவது வகைக்குள் பெரிய வித்தியாசங்கள் உண்டு. அது தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பயப்படுகிறோம். இதழாசிரியரிடம் இரண்டு மூன்று வாரம் கூடுதலாகக் கேட்டால் பெரும்பாலும் ஒரு வரி மின்னஞ்சலிலேயே கிடைத்துவிடும், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மதிப்பீட்டு வேண்டுகோளை முதல் நாளே மறுப்பது மூன்று வாரம் வைத்திருந்து திருப்பி அனுப்புவதைவிட எவ்வளவோ மரியாதை. ஆய்வு நிதி விண்ணப்ப இணையதளம் மட்டும் இரக்கம் காட்டாது, குறித்த நிமிடத்தில் மூடிவிடும். பல்கலைக்கழகத்தின் நிதி அலுவலகம் அதற்குச் சில நாள் முன்பே தன் கைக்கு வர வேண்டும் என்று கேட்கும். ஆகவே நிதி விண்ணப்பத்துக்கு மட்டும் உங்கள் கெடுவை உண்மையான கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் வையுங்கள். அந்த ஏழு நாள் ஒரு முழு வாந்தி பேதிச் சுற்றைத் தாங்கும்.

இனி வழிகள்.

ஆன்லைன் வகுப்பு

முதலில் எல்லோர் மனசுக்கும் வருவது இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். வகுப்பும் நடக்கும், குழந்தையும் கண்ணெதிரில் இருக்கும், விடுப்பும் எடுக்க வேண்டாம் என்று தோன்றும். உண்மையில் என்ன நடக்கிறது? இரண்டு வயதுக் குழந்தை உடம்பு சரியில்லாதபோது மடியை விட்டு இறங்காது. திரையில் இன்னொரு முகத்தோடு பேசும் அம்மாவையோ அப்பாவையோ அது பொறுத்துக்கொள்வது பத்து நிமிடம். அதற்கப்புறம் அழுகை, ஒலியை நிறுத்துவது, "ஒரு நிமிடம் இருங்கள்", மறுபடி தொடக்கம். ஐம்பது நிமிட வகுப்பில் இருபது நிமிடப் பாடம்தான் போய்ச் சேரும்.

வாந்தி பேதி என்றால் யோசிக்கவே வேண்டாம். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒரேயடியாகக் குடிக்கக் கொடுத்தால் திரும்ப வெளியே வந்துவிடும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முப்பது தேக்கரண்டி, மொத்தம் 150 மில்லி. கையும் கண்ணும் முழுதாக அங்கேயே இருக்கும். அதன் நடுவில் இன்னொரு வேலையைச் செய்துவிடலாம் என்று சொல்பவர் அந்தத் தேக்கரண்டியைப் பிடித்ததில்லை.

ஆன்லைன் எப்போது சரிப்படும்? குழந்தைக்கு ஐந்து வயதுக்கு மேல், காய்ச்சல் இறங்கிய இரண்டாவது அல்லது மூன்றாவது நாள், வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், கதவை மூடிக்கொள்ள ஓர் அறை. இவற்றில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். வீட்டில் இன்னொரு பெரியவரும் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். வகுப்பு முழுவதும் பேசுவதற்குப் பதில் பதினைந்து நிமிடம் விளக்கம், இருபது நிமிடம் மாணவர்கள் தாங்களே கணக்குப் போடுவது, பதினைந்து நிமிடம் விடை பார்ப்பது என்று பிரித்தால் நடுவில் உங்களுக்கு ஒரு இடைவெளி கிடைக்கும். குழந்தை கேமராவில் தெரியாதபடி உட்காருங்கள். அழகான காட்சியாக இருக்கலாம், ஆனால் மாணவர்கள் பதிவு செய்துகொண்டிருக்கலாம்.

ஆய்வுக் குழுவின் வாராந்தரக் கூட்டத்துக்கு மட்டும் ஆன்லைன் நன்றாகப் பொருந்தும். கேமரா இல்லாமல் காதில் கேட்டுக்கொண்டே இரண்டு கேள்வி கேட்டால் போதும்.

ரத்து செய்வது

வெளிப்பார்வைக்குப் பொறுப்பில்லாத வழி போலத் தெரியும். முதல் நாள், கடும் காய்ச்சல், சின்னக் குழந்தை என்றால் இதுவே பெரும்பாலும் சரியான வழி. பிரச்சினை ரத்து செய்வதில் இல்லை, ஈடு வகுப்பில்தான் இருக்கிறது. எண்பது மாணவர்களுக்கும் ஒரே நேரத்தில் காலியாக இருக்கிற ஒரு மணி நேரம் கால அட்டவணையில் இருக்காது. சனிக்கிழமை வைத்தால் பாதிப் பேர்தான் வருவார்கள், உங்கள் குழந்தையோடு இருக்க வேண்டிய நாளும் போகும்.

பாடத்திட்டத்திலேயே காலி வகுப்பு விட்டுவைப்பது இதைவிட மேல். பதினைந்து வாரப் பருவத்தில் ஐந்தாவது வாரம் ஒன்று, பதினோராவது வாரம் ஒன்று. மாணவர்களுக்குக் கொடுக்கும் அட்டவணையில் "மீள்பார்வை" என்று போட்டுக்கொள்ளுங்கள். வகுப்பு ஏதும் தவறியிருந்தால் அங்கே ஈடு கட்டலாம். தவறவில்லை என்றால் சந்தேகங்களைத் தீர்க்கலாம், மாணவர்களுக்கும் அது பிடிக்கும். பருவத்தின் கடைசி வாரத்தில் விடுவதால் பயனில்லை. அதற்குள் முன்பாடம் தவறி, அதன்மேல் கட்டிய பாடங்களும் ஆட்டம் கண்டிருக்கும்.

இன்னொரு வழி, ஆசிரியர் இல்லாமலே நடக்கும் வகுப்பு. எந்த வாரத்திலும் கொடுக்கக்கூடிய இரண்டு பயிற்சித் தாள்களை விடுமுறையிலேயே தயாரித்து வைத்துவிடுங்கள். ஐம்பது நிமிடத்துக்கு வேலை இருக்க வேண்டும், மாணவர்கள் விடையை எழுதி வகுப்பு முடியும்முன் கொடுத்துவிட வேண்டும். ஆய்வு மாணவரோ உதவி ஆசிரியரோ அதை விநியோகித்து வாங்கி வைத்தால் போதும். விதிப்படி வகுப்பில் ஆசிரியர் இருந்தே ஆக வேண்டும் என்று சில நிறுவனங்கள் சொல்லும், அதை முன்பே கேட்டு வையுங்கள்.

பதிவு செய்த காணொளியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முந்தின இரவு குழந்தை இருமிக்கொண்டிருக்க, "நாளைக்கான பாடத்தைப் பதிவு செய்துவிடுகிறேன்" என்று உட்காராதீர்கள். ஐம்பது நிமிடப் பாடத்தை உருப்படியாகப் பதிவு செய்ய மூன்று நான்கு மணி நேரம் எளிதாகப் போகும். காய்ச்சல்காரக் குழந்தையின் பெற்றோருக்கு அந்த இரவில் அதிகம் தேவைப்படுவது தூக்கம்.

சக ஆசிரியர்

ஒரே பாடத்தை இரண்டு பிரிவுகளுக்கு இரண்டு பேர் எடுக்கும் துறைகளில் இதைவிட நல்ல வழி கிடையாது. பருவம் தொடங்கும்முன் மூன்று நான்கு பேர் சேர்ந்து பேசி வைத்துக்கொள்ள வேண்டும். காலை ஆறரைக்கு முதல் முறையாகக் கேட்டால் அது உதவி கேட்பது. முன்பே பேசியிருந்தால் முறை மாற்றிக்கொள்வது, அவ்வளவுதான். கணக்கும் வையுங்கள், ஒரு தாளில் கோடு போட்டாலே போதும். கணக்கு இல்லாத இடத்தில் எப்போதும் இல்லை என்று சொல்லத் தெரியாத ஒரே ஆள்தான், பெரும்பாலும் ஒரு பெண் ஆசிரியர், எல்லோருடைய வகுப்பையும் சுமந்துகொண்டிருப்பார்.

இது எங்கே கெடுகிறது என்றால் கைமாற்றுவதில். சிலைடுகளை மட்டும் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வருபவருக்குத் தேவைப்படுவது அரைப்பக்கக் குறிப்பு: கடைசி வகுப்பு எந்த இடத்தில் நின்றது, இன்றைக்குக் கரும்பலகையில் போட வேண்டிய இரண்டு கணக்கு எவை, வருகைப்பதிவு எங்கே, எதைத் தொடங்கவே கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். புதிய கருத்தை இன்னொருவர் வேறு குறியீட்டில் தொடங்கிவிட்டால் அதை அவிழ்க்க உங்களுக்கு அடுத்த வகுப்பில் பாதி போய்விடும்.

நாளைப் பிரிப்பது

நோய் இரண்டாவது நாளைத் தாண்டினால் மற்ற எல்லா வழிகளையும்விட இதுவே மேல் என்பது எங்கள் கணிப்பு. ஒருவர் காலை ஏழு முதல் பன்னிரண்டரை, மற்றவர் பன்னிரண்டரை முதல் ஆறு. ஐந்தரை மணி நேர வேலை என்று சொன்னாலும் போக்குவரத்துக்கு நாற்பது நாற்பது நிமிடம் கழித்தால் நாலு மணி நேரம்தான் உருப்படியாகக் கிடைக்கும். ஆனால் அது முழுக் கவனத்தோடு கிடைக்கும் நாலு மணி நேரம். அரைக் கவனத்தோடு வீட்டில் எட்டு மணி நேரம் மடிக்கணினியைத் திறந்து வைத்திருப்பதைவிட அதில் எழுத்து அதிகம் நகரும்.

சண்டை வரும் இடம் ஒன்றுதான். "உனக்கு இரண்டு மணி நேர வகுப்புதானே, மீதி நேரம் சும்மாதானே" என்ற வாக்கியம். வேலை நேரம் வளையும் என்பதாலேயே கல்விப் பணியில் இருப்பவர்தான் எப்போதும் வளைய வேண்டும் என்று வீட்டில் தானாக முடிவாகிவிடும். இதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். அன்றைக்குக் கடிகாரத்தோடு கட்டிய வேலை உள்ளவர் அந்த நேரத்துக்கு வெளியே போவார். இருவருக்கும் அப்படி இல்லாத நாளில் முறை மாற்றிக்கொள்வார்கள், சம்பளத்தைப் பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள். இன்னொரு விதியும் வேண்டும். வாரத்தில் ஒரு மூன்று மணி நேர எழுத்து நேரம் கடிகாரத்தோடு கட்டிய வேலையாகவே கணக்கில் வரும். இதை எழுதி வைக்காவிட்டால் மூன்றாவது வகை வேலைக்கு எந்த வாரமும் இடம் இருக்காது.

பிரித்துப் பார்த்துக்கொள்ளும்போது மருந்தில் தவறு நேர்வது சாதாரணம். பாராசிட்டமால் குழந்தையின் எடைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நாலு முறைக்கு மிகாமல் கொடுக்கலாம். 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180 மில்லிகிராம். ஆனால் சிரப் இரண்டு அடர்த்தியில் வருகிறது: 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 250 உள்ளது ஒன்று. முதல் பாட்டிலில் 6 மில்லி எடுத்தால் 150, இரண்டாவதில் அதே 6 மில்லி 300. வீட்டில் இரண்டும் இருந்து, கைமாற்றும்போது "ஆறு மில்லி கொடு" என்று மட்டும் சொன்னால் குழந்தைக்கு இரு மடங்கு மருந்து போகும். இரண்டில் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்:

6.10 – 38.6 – பாராசிட்டமால் 150 மி.கி. (125 பாட்டில், 6 மில்லி)
7.30 – சிறுநீர் போனாள்
8.40 – 37.5 – பால் 100 மில்லி
10.15க்கு முன் அடுத்த மருந்து வேண்டாம்

இப்படி நாலு வரி போதும். பொறுப்பை ஏற்பவர் கேள்வி கேட்காமலே தொடங்கலாம், வகுப்பில் இருப்பவருக்கு ஃபோனும் வராது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரியைத் தொட்டாலே, எந்தக் குழந்தைக்கும் மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளிழுத்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, எழுப்பினால் கண் திறக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, மேலே உள்ள எந்தக் கணக்கும் பொருந்தாது. உடனே மருத்துவமனை.

மூன்றாவது ஆள்

தாத்தா பாட்டியோ, சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்பவரோ. தாத்தா பாட்டி என்றால் அன்பு இருக்கும், குழந்தைக்குப் பழக்கமும் இருக்கும். யோசிக்க வேண்டியது அவர்கள் வயதை. குழந்தைக்கு மூன்று நாளில் சரியாகும் இன்ஃப்ளுயன்ஸா எழுபது வயதுக்காரரை மருத்துவமனையில் சேர்த்துவிடலாம். ஆகவே முதல் இரண்டு நாள், காய்ச்சலும் இருமலும் உச்சத்தில் இருக்கும்போது கூப்பிடாமல், தேறிவரும் மூன்றாவது நாள் கூப்பிடுவது நல்லது. காப்பகம் சேர்க்காத, ஆனால் குழந்தை ஓடி விளையாடும் அந்த இடைப்பட்ட நாட்களுக்குத்தான் அவர்கள் பொருத்தம்.

சம்பளத்துக்கு வருபவரைக் குழந்தை நன்றாக இருக்கும்போதே இரண்டு மூன்று முறை வரவழைத்துப் பழக்கியிருக்க வேண்டும். உடம்பு சரியில்லாத நாளில் புது முகம் வந்தால் அழுகை நிற்காது, பத்து மணிக்கு நீங்களே திரும்பி வர வேண்டியிருக்கும்.

குழந்தையை வளாகத்துக்கே அழைத்துப் போவது பற்றி: காய்ச்சல் உள்ள குழந்தையை வேண்டாம், ஆய்வகத்துக்கு எந்தக் குழந்தையையும் வேண்டாம். தேறிவிட்ட குழந்தையை ஒரு மணி நேரம் அறையில் உட்கார வைத்து வரையச் சொல்லலாம், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

விடுப்பு எழுதுவதா, சத்தமில்லாமல் சமாளிப்பதா

எல்லா வழிகளுக்கும் அடியில் ஓடும் கேள்வி இது. வகுப்பில்லாத நாளில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் பெரும்பாலோர் யாரிடமும் சொல்வதில்லை. வீட்டில் இருந்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு மடிக்கணினியைத் திறந்து ஈடு கட்டுகிறார்கள். வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டு முடிவில் கோப்பில் ஒன்றும் இருக்காது. கட்டுரை எண்ணிக்கை மட்டும் குறைந்திருக்கும், அதற்குக் காரணம் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

ஆவணம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சிலின் தொடக்கநிலை ஆய்வு நிதி ஓர் எடுத்துக்காட்டு. முனைவர் பட்டம் பெற்று இத்தனை ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற வரம்பை, தாய்மார்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் என்று அது தளர்த்தியது. தந்தையருக்கு, அவர்கள் உண்மையில் எடுத்து ஆவணப்பட்ட விடுப்பின் அளவுக்கு மட்டும். எழுதாத விடுப்புக்குத் தந்தையருக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. பல நிறுவனங்களில் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

எதிர்வாதமும் உண்டு. விடுப்பு நாட்கள் அளவானவை, பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டால் நவம்பரில் என்ன செய்வது? ஒப்பந்தப் பணியில் இருப்பவர் அடிக்கடி விடுப்பு எழுதினால் புதுப்பிக்கும்போது அது கண்ணில் உறுத்தாதா? இரண்டும் நியாயமான பயம். ஆகவே நடுவழி: வகுப்போ தேர்வோ தவறும் நாளுக்கு முறைப்படி விடுப்பு. மற்ற நாட்களுக்குத் துறைத்தலைவருக்கு ஒரு வரி மின்னஞ்சல், "குழந்தைக்கு உடல்நலமில்லை, இன்று வீட்டிலிருக்கிறேன், செய்திகளை மாலையில் பார்க்கிறேன்" என்று. பின்னால் தேவைப்பட்டால் அந்த மின்னஞ்சல்களே சான்று. மாணவர்களுக்கு நோய் விவரம் தேவையில்லை. வகுப்பு உண்டா இல்லையா, பதிலாக என்ன, எப்போது என்ற மூன்றும் போதும்.

கால அட்டவணையும் பணிக் கடிகாரமும்

அடுத்த பருவத்துக்கு நேரம் கேட்கும் வாய்ப்பு கிடைத்தால், வகுப்புகளை இரண்டு நாளில் அடைப்பதா, ஐந்து நாளிலும் பரப்புவதா? நோய் எந்த நாளும் வரலாம் என்பதால் மொத்தத்தில் தவறும் வகுப்பு மணி நேரம் சராசரியாக ஒன்றேதான். வேறுபடுவது அதிர்ச்சியின் அளவு. இரண்டு நாளில் அடைத்தால் மோதும் நாட்கள் குறைவு, மோதினால் ஒரே நாளில் நாலு மணி நேரம் போகும், அதற்கு ஆள் பிடிப்பது கடினம். ஐந்து நாளும் பரப்பினால் ஒவ்வொரு காய்ச்சலும் ஒரு வகுப்பையாவது தொடும். மூன்று நாளில் வைத்துக்கொள்வது நல்ல சமரசம். அதைவிட முக்கியம் மணி. எட்டு மணி வகுப்பு என்றால் ஆறு மணிக்குக் காய்ச்சலைக் கண்டபின் ஏற்பாடு செய்ய அவகாசமே இல்லை. மாலை நாலு மணி வகுப்பு, காப்பகத்திலிருந்து அழைத்துவரும் நேரத்தோடு மோதும். பத்து முதல் ஒன்று வரை கிடைத்தால் விடாதீர்கள்.

நிரந்தரப் பணிக்கான மதிப்பீட்டுக் கடிகாரத்தை, அதாவது நிரந்தரமாக்கலாமா என்று முடிவெடுக்கும்வரை தரும் காலக்கெடுவை, ஓராண்டு நிறுத்திவைக்கும் வசதி பல இடங்களில் உண்டு. கேட்டால் நல்ல ஏற்பாடு போலத்தான் தெரியும். அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளை வைத்து ஹீதர் ஆன்டிகால், கெல்லி பெடார்ட், ஜென்னா ஸ்டெர்ன்ஸ் மூவரும் செய்த ஆய்வு 2018-ல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் வந்தது. ஆண் பெண் இருவருக்கும் ஒரே மாதிரி கடிகாரத்தை நிறுத்திய துறைகளில் ஆண்கள் நிரந்தரம் பெறுவது கூடியது, பெண்கள் பெறுவது குறைந்தது. கூடுதல் ஆண்டு இருவருக்கும் கிடைத்தாலும், அதை எழுத்துக்குச் செலவிட முடிந்தவர் யார் என்பதில்தான் வித்தியாசம். ஆகவே இந்த ஓராண்டைக் கேட்பவர், அந்த ஆண்டில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உண்மையில் எழுதப்போகிறார் என்பதை முதலில் வீட்டில் பேசி முடிக்க வேண்டும். ஒப்பந்த ஆய்வாளர்களுக்கு இன்னொன்று: காலத்தை நீட்டிச் சம்பளத்தை நீட்டாத நீட்டிப்பால் பலனில்லை, கடிதத்தில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாட்பட்ட நோய்

இதுவரை சொன்னது எல்லாம் வந்து போகும் நோய்களுக்கு. குழந்தை மருத்துவமனையில் நாட்கணக்கில் இருக்கும்படி ஆனாலோ, மாதத்துக்கு ஒருமுறை சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தாலோ இந்த வழிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சமாளிக்கப் பார்க்கக் கூடாது. சக ஆசிரியர்களின் நல்லெண்ணம் மூன்று வாரம் தாங்கும், மூன்று மாதம் தாங்காது. அப்போது சரியான வழி நீண்ட விடுப்பு அல்லது பாடச்சுமைக் குறைப்பு. கேட்கும்போது எத்தனை வாரம், எந்தப் பாடம், யார் எடுப்பார் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

அதில் பலரும் மறந்துவிடுவது ஆய்வு மாணவர்களை. வகுப்புக்கு மாற்று ஆள் வந்துவிடுவார், ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் மாணவருக்கு யாரும் வரமாட்டார்கள். நீண்ட விடுப்புக்குப் போகும்முன் ஒவ்வொருவருக்கும் ஓர் இணை வழிகாட்டியை அலுவலகப் பதிவில் சேர்த்துவிடுங்கள். கையெழுத்து அதிகாரம், வேதிப்பொருள் வாங்கும் ஒப்புதல், கருவிகளின் கடவுச்சொல், உறைபெட்டியில் எந்த அடுக்கில் யாருடைய மாதிரி என்ற பட்டியல் ஆகியவற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரத்தைக் குறித்து, கேள்விகளை அதற்குச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். மருத்துவமனை வராந்தாவில் நின்றபடி பதில் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.